பஸ் சீட்டில் இறங்கிய பிரஷர்

எனக்கு நாற்பத்து மூன்று வயது நடந்தபோது, ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கையில் கண்ணாடியில் என் முகம் இடமும் வலமுமாக லேசாக ஆடியது. தலை கனத்துக்கொண்டே எழுவது புதிதில்லை. ஒரு வருஷமாகவே அப்படித்தான். முகம் ஆடுவது புதிது. அலுவலகத்துக்குப் போகிற வழியில் செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த டாக்டரம்மாவின் கிளினிக்கில் நுழைந்தேன். அவர் காலை ஆறரைக்கே திறந்துவிடுவார். என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார், இறக்கினார், மறுபடியும் அடித்தார்.

"நூத்தி எழுபதுக்கு நூத்தி பத்து. இதோட நடந்தா வந்தீங்க?"

"ஆமா டாக்டர். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மாத்திரை எழுதிக் கொடுத்து, மாலையில் வந்து மறுபடி காட்டச் சொன்னார். மாலையில் அலுவலக பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே போனேன். நூற்று முப்பதுக்கு எண்பத்து நான்கு. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம்.

"மாத்திரை நல்லா கேக்குது பாருங்க."

"இன்னும் வாங்கவே இல்லை டாக்டர்."

அவர் பாதரசக் கருவியைத் தூக்கிப் பார்த்தார். கம்பவுண்டரைக் கூப்பிட்டு அவர் கையில் அளந்தார். தன் கையிலும் அளந்துகொண்டார். கருவியில் கோளாறு இல்லை. மறுநாள் காலை வரச் சொன்னார், நூற்று அறுபத்தெட்டு. மாலையில் நூற்று முப்பத்திரண்டு. இப்படியே ஒரு வாரம் போனது. சனிக்கிழமை மாலை அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சிரிக்காமல் கேட்டார்:

"காலைல வர்றது நீங்கதானா? இல்ல, உங்க அண்ணன் யாராவது வர்றாரா?"

எனக்கு அண்ணன் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்த ஒற்றை ஆள் நான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் வரைபடம் போடுகிற வேலை. மனைவிக்குச் செங்கல்பட்டுதான் ஊர். அங்கேயே ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அதனால் கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் கீழ்ப்பகுதியில் இருந்தோம். ஒரே மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் அலுவலக பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரமும் நான் தூங்குவேன். பத்து வருஷம் அந்தச் சாலையில் போய்வந்தும் திருக்கழுக்குன்றத்து மலையை நான் பஸ்ஸிலிருந்து பார்த்ததில்லை.

இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. காலைப் பிரஷர் அசையவில்லை. டாக்டரம்மா மனைவியை அழைத்துவரச் சொன்னார்.

"இவரு சரியா தூங்கறாராம்மா?"

"இவரா? படுத்த ரெண்டாவது நிமிஷம் தூங்கிடுவாரு. தூக்கம் இல்லாதது எனக்குத்தான்."

"ஏன்?"

மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கணக்குப் பாடம் நடத்துகிற குரலில் விளக்கினாள். "முதல்ல குறட்டை. அது சாதாரண குறட்டை இல்ல, மேல் வூட்டுல இருக்கற ஓனருக்கே கேக்கும். திடீர்னு நின்னுடும். குறட்டை மட்டும் இல்ல, மூச்சே நின்னுடும். நான் எழுந்து உக்காந்துடுவேன். இருபது எண்ணுவேன், சில நாள் முப்பது. அப்புறம் லாரி ஸ்டார்ட் ஆகற மாதிரி ஒரு சத்தம். மறுபடி குறட்டை. காலைல கேட்டா, நல்லா தூங்கினேன்னு சொல்வாரு."

இதை எனக்கும் முன்பு பலமுறை சொல்லியிருக்கிறாள். மிகைப்படுத்துகிறாள் என்று நினைத்துவந்தேன். டாக்டரம்மா சற்று யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மனைவியின் கையிலும் பட்டையைச் சுற்றினார். நூற்று அறுபதுக்கு நூறு.

"ரெண்டு பேருக்கும் வீட்டுல ஒரே சமையல்தானே?"

"ஆமா."

"அப்ப உப்புதான் காரணம்."

அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் உப்பு இல்லை. சாம்பார் வெந்நீரில் பருப்பைக் காட்டி எடுத்த மாதிரி இருந்தது. ஊறுகாய் ஜாடி மேல் வீட்டு ஓனரிடம் போய்ச் சேர்ந்தது. தினமும் மாலையில் ஏரிக்கரையில் நடந்தோம். எனக்கு நான்கு கிலோ குறைந்தது. பிரஷர் குறையவில்லை. மனைவிக்கு இரண்டு கிலோ குறைந்து பிரஷர் ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் அலுவலக நண்பர் ஒருவரின் மகளுக்கு மாமல்லபுரத்தில் கல்யாணம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு முகூர்த்தம். இருவரும் லீவு போட்டுவிட்டு, காலை எட்டரைக்குச் செங்கல்பட்டில் பஸ் ஏறினோம். மனைவிக்கு ஜன்னலோரம், எனக்குப் பக்கத்தில். மடியில் பரிசுப் பாத்திரம், மேலே வண்ணக் காகிதம் சுற்றியிருந்தது. டிக்கெட் வாங்கியது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்.

ரயில்வே பாலம் தாண்டுவதற்குள் நான் தூங்கிவிட்டேன். தலை பின்னால் சாய்ந்து கம்பியில் பதிந்துகொண்டது. அவள் வழக்கம்போல் குறட்டைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஊர்க்காரர்கள் முன்னால் மானம் போகாமல் இருந்தால் சரி என்று முதலில் நினைத்தாளாம். திருக்கழுக்குன்றம் வந்தும் வரவில்லை. பயந்துபோய் என் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. நிற்கவே இல்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் அப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை.

மாமல்லபுரத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் என்னை எழுப்பவில்லை. கண்டக்டர் வந்து நின்றார்.

"இன்னாமா, எறங்கலியா?"

"அவரு தூங்கறாரு."

"எழுப்பும்மா. கடைசி ஸ்டாப்பு இது."

"வேணாம். வண்டி அடுத்து எங்க போகுது?"

"செங்கல்பட்டுதான். வேற எங்க போவும்?"

"அதுக்கே ரெண்டு டிக்கெட் குடுங்க."

கண்டக்டர் என்னையும் அவளையும் பரிசுப் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ் திரும்பிச் செங்கல்பட்டுக்கு வந்தது. அங்கேயும் அவள் இறங்கவில்லை. மாமல்லபுரத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள். இந்தத் தடவை கண்டக்டர் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அவளும் தூங்கிவிட்டாள். அதன் பிறகு டிக்கெட் வாங்க ஆளில்லை. அந்த மனிதர் எங்களை எழுப்பாமலேயே விட்டிருக்கிறார்.

என் தோளில் யாரோ தட்டினார்கள். விழித்தேன். மணி இரண்டே கால்.

"அண்ணாத்த, டூட்டி முடிஞ்சிட்சி. வண்டி டெப்போக்குப் போவுது."

வெளியே பார்த்தேன். செங்கல்பட்டு. கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம் என்றே முதல் இரண்டு நிமிஷம் நினைத்தேன். பசியும் மடியில் இருந்த பாத்திரமும்தான் அப்படி இல்லை என்று சொல்லின. மனைவி தலைமுடியைச் சரிசெய்துகொண்டே, "சண்டை அப்புறம் போடலாம். முதல்ல கிளினிக்குக்கு வாங்க" என்றாள்.

நேரே போனோம். டாக்டரம்மா எங்கள் இருவரையும் அளந்தார். எனக்கு நூற்று இருபத்தெட்டு, அவளுக்கு நூற்று முப்பது. அளந்ததை எழுதாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னிக்கு என்ன பண்ணீங்க?"

"பஸ்ல போனோம்."

"எங்க?"

"எங்கயும் போகல டாக்டர்" என்றாள் மனைவி.

என் மச்சினன், மனைவியின் தம்பி, அச்சரப்பாக்கத்தில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம் அக்கா நடந்ததைச் சொன்னாள். அவன் இட்லியை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பது போல் சொன்னான்:

"அப்ப வூட்டுல ஒரு பஸ் சீட்டு போட்டுட்டா மேட்டர் ஓவர். பட்டறையில பழசு நெறைய கீது. ரெண்டு பேரு சீட்டா, மூணு பேரு சீட்டாக்கா?"

"ரெண்டு போதும்" என்றாள் அவள். நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"ஜன்னலு வேணுமா?" என்று கேட்டான்.

"ஜன்னல் நம்ம வீட்லயே இருக்கு. அதுக்குப் பக்கத்துல போட்டுடு."

அடுத்த ஞாயிறு காலை ஒரு மினி லாரி வாசலில் வந்து நின்றது. பச்சை ரெக்ஸின் போட்ட இரட்டை இருக்கை, முதுகில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி, கால் வைக்கத் தகரத் தளம். தரையில் ஆணி அடித்தால் ஓனர் சண்டைக்கு வருவார் என்பதால் கீழே இரும்புச் சட்டம் வைத்து வெல்டு செய்திருந்தான். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருவர் என்னிடம் வந்து, பர்மிட் எந்த ரூட்டுக்குக் கிடைத்தது என்று மரியாதையாக விசாரித்தார். கதவில் நுழையாமல் அரை மணி நேரம் திண்டாடி, கடைசியில் கதவைக் கழற்றி உள்ளே கொண்டுபோனோம். முதுகுப் பக்கத்தில் 'மகளிர்' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. "அத்த அழிச்சிக் குடுக்க மறந்துட்டேன் மாமா" என்றான். மனைவி, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

சாப்பிட்டுவிட்டு மதியமே உட்கார்ந்து பார்த்தேன். தூக்கம் வரவில்லை. சீட்டு சரிதான், வீடு நகரவில்லை. ஆடாத பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது டிரைவர் டீ குடிக்கப் போன நேரம் மாதிரி இருந்தது. எப்போது கிளம்பும் என்று மனசு காத்துக்கொண்டே இருந்தது.

"சத்தம் இல்ல மாமா, அதான்" என்றான் மச்சினன். மறுவாரம் அவன் ஒரு கேசட்டோடு வந்தான். திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு, முப்பது நிமிஷம் பதிவு செய்திருந்தான். மதியம் மூன்று மணிக்குப் போட்டோம். இன்ஜின் உறுமியது, கியர் மாறியது, ஜன்னல் தகரம் கடகடத்தது. எனக்கு ஐந்து நிமிஷத்தில் கண் செருகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து நீளமாக ஒரு விசில். "கழுக்குன்றம்லாம் எறங்கு" என்று ஒரு குரல். நான் எழுந்தேன். பையை எடுக்கக் கை நீட்டினேன். "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே பீரோவில் போய் முட்டிக்கொண்டேன்.

அப்போது மேல் வீட்டு ஓனர் வாசலில் நின்றார். நெற்றியைப் பிடித்துக்கொண்டு நான் கதவைத் திறந்தேன்.

"இன்னா சார், வூட்டுக்குள்ள வண்டி ஓட்டிகினு கீறீங்களா?"

"இல்லைங்க. பிரஷருக்கு."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பச்சை சீட்டு, 'மகளிர்' என்ற எழுத்து, டேப் ரிக்கார்டர், அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன். வேறொன்றும் கேட்காமல் படியேறிப் போய்விட்டார். அந்த மாத வாடகை வாங்க அவர் வரவில்லை, தன் மனைவியை அனுப்பினார்.

விசிலை நீக்கி மச்சினன் வேறொரு கேசட் செய்து கொடுத்தான். ஒரு வாரத்தில் கேசட்டும் தேவைப்படவில்லை. உட்கார்ந்தபடி தூங்கப் பழகிவிட்டேன். பக்கத்து இருக்கையில் மனைவியும் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். காலையில் என் தலை கனக்கவில்லை. கண்ணாடியில் முகம் அசையாமல் நின்றது. கிளினிக்கில் காலை ஏழு மணிக்கு நூற்று நாற்பது என்று காட்டியது. டாக்டரம்மா சீட்டைத் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

ஒரு ஞாயிறு மதியம் வந்தார். சீட்டைச் சுற்றி வந்து பார்த்தார். முதுகின் சாய்வைக் கையால் அளந்தார். "எப்படி உக்காருவீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் காட்டுவதற்கு முன்பே அவரே உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். காபி போட மனைவி உள்ளே போனாள். காபியோடு வந்தபோது டாக்டரம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

மடியில் கைப்பையைப் பிடித்தபடி, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினார். காலை ஆறரைக்கு ஆரம்பித்து இரவு ஒன்பது வரை ஊருக்கே காற்றடிக்கிறவர். எழுப்ப எங்களுக்கு மனசு வரவில்லை. மனைவி மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். நாங்கள் இருவரும் எதிரே தரையில் உட்கார்ந்து ஆறிப்போன காபியை ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம். நாற்பது நிமிஷம் கழித்து விழித்தவர், கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எனக்கு டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்னு தோணிச்சு" என்றார்.

"எப்படி இருந்துது டாக்டர்?"

"நல்லா இருக்கு." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "மெட்ராஸ்ல ஒருத்தர் தூக்கத்துக்குன்னே படிச்சிட்டு வந்திருக்காராம். லெட்டர் தர்றேன், போய்ப் பாருங்க. உப்பு காரணம் இல்லன்னு நினைக்கிறேன்" என்றார். அன்று ராத்திரியே எங்கள் வீட்டு சாம்பாரில் உப்பு விழுந்தது.

சென்னையில் அந்தத் தூக்க டாக்டர் இளைஞராக இருந்தார். டாக்டரம்மாவின் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். 'நோயாளி பஸ் இருக்கையில் உறங்கும் நாட்களில் நலமாக உள்ளார்' என்று அதில் எழுதியிருந்தது. என் தலையிலும் மார்பிலும் விரலிலும் ஒயர்களை ஒட்டி, குளிரூட்டிய அறையில் ஒரு ராத்திரி படுக்கவைத்தார்கள். காலையில் நீளமான காகிதச் சுருளை விரித்துக் காட்டினார். கோடு ஓடிக்கொண்டே வந்து தட்டையாகி, மறுபடி எகிறியது. அந்த மாதிரித் தட்டைகள் மணிக்கு நாற்பதுக்கு மேல்.

"மல்லாந்து படுக்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைச்சிடுது. மூச்சு நிக்குது. உடம்பு தண்ணிக்குள்ள முங்கின மாதிரி பயந்து உங்களை அரைகுறையா எழுப்புது. ஒவ்வொரு தடவையும் பிரஷர் ஏறும். சாதாரணமா தூக்கத்துல பிரஷர் இறங்கணும். உங்களுக்கு ராத்திரி முழுக்க ஏறிட்டே இருக்கு. அதுதான் காலைல தெரியுது. உக்காந்து தூங்கினா சதை அவ்வளவா அடைக்காது. பஸ் சீட்டு யோசனை யாரோடது? டாக்டரா?"

"மச்சினன் சார். வெல்டர்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மனைவி மெதுவாகச் சொன்னாள்:

"இவருக்கு மூச்சு நிக்கும்போது நானும் மூச்சைப் பிடிச்சிட்டுதான் இருப்பேன் டாக்டர். அவருக்கு வந்தப்புறம்தான் நான் விடுவேன். பழக்கமாயிடுச்சு."

டாக்டர் காகிதச் சுருளைச் சுருட்டி வைத்தார். எத்தனை வருஷமாக என்று நான் கேட்கவில்லை. மணிக்கு நாற்பது என்றால் ராத்திரிக்கு எவ்வளவு என்று கணக்கு டீச்சருக்குத் தெரிந்திருக்கும். மிகைப்படுத்துகிறாள் என்று எத்தனை காலை அவளிடம் சொல்லியிருக்கிறேன் என்பது மட்டும் எனக்கு நினைவுக்கு வந்தது. திரும்பி வருகிற மின்சார ரயிலில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, தாம்பரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. முகமூடி, அதிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் காற்றை அழுத்தி அனுப்புகிற பெட்டி. மச்சினன் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்றான், விடவில்லை. அதை மாட்டிக்கொண்டு படுக்கையில் படுத்தே தூங்கினேன். குறட்டை இல்லை, மூச்சு நிற்பதில்லை. மூன்று மாத்திரை ஒன்றானது. காலையில் வருகிறவரும் மாலையில் வருகிறவரும் ஒரே ஆள்தான் என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். பச்சை சீட்டு சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தபோது, வெளியே கொடுக்கிற யோசனை இருந்தால் சொல்லுங்கள் என்று அவரே கேட்டு, கிளினிக்கின் உள்ளறைக்குக் கொண்டுபோனார். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை டாக்டர் இல்லை என்று ஒரு பலகை அதற்குப் பிறகு தொங்க ஆரம்பித்தது.

மனைவிக்குத்தான் நாளாயிற்று. வீடு அமைதியானதும் அவளுக்குத் தூக்கம் இன்னும் கெட்டது. சத்தம் இல்லாவிட்டால் நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க எழுந்துவிடுவாள். முகமூடிக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பாள். காற்று வருவது என் மூக்கிலிருந்தா பெட்டியிலிருந்தா என்று அவளுக்குத் தெரியாது. அதனால் என்னை எழுப்பிக் கேட்பாள். "நீங்கதானா?" என்பாள். குழாய்க்குள்ளிருந்து நான் ஆமாம் என்பேன். சமாதானமாகிப் படுத்துக்கொள்வாள். நான்கைந்து தடவை கேட்டது இரண்டானது; சில வாரம் கழித்து ஒன்று. ஒரு நாள் கேட்கவில்லை.

அன்று காலை நான் எழுந்தபோது வெயில் சமையலறை வரைக்கும் வந்திருந்தது. மணி எட்டே முக்கால். பள்ளியில் முதல் மணி எட்டரைக்கே அடித்திருக்கும். அவள் ஒருக்களித்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, தூங்கிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷ வேலையில் ஒரு நாளும் தாமதமாகப் போகாதவள். எழுப்பலாமா என்று யோசித்தேன். பிறகு எழுப்பாமல் போய் எனக்கும் அவளுக்கும் காபி போட்டேன். அலுவலக பஸ் போய் வெகு நேரமாகியிருந்தது.

பத்தரை மணிக்குப் பள்ளிக்குப் போனவளிடம் தலைமையாசிரியை தாமதத்துக்கு எழுத்தில் விளக்கம் கேட்டாராம். உறவினர் வீட்டில் விசேஷம் என்று எழுதிவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று பக்கத்து வகுப்பு டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இவள் வெள்ளைத் தாளில் தேதி போட்டு, பொருள் என்று எழுதி அடிக்கோடிட்டு, 'இன்று காலை நன்றாகத் தூங்கிவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.